சலோமி அழித்த வார்த்தை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். என் பிரிண்டிங் யூனிட்டில் குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்றுக்குச் சாம்பிள் ஓடிக்கொண்டிருந்தது. பர்வீன் போன் செய்தார். சலோமியோடு ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஒரே செக்கிங் மேசையில் பல வருடங்களாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். "அண்ணா, சலோமிக்கா போயிட்டாங்கண்ணா. பீஸ் பாத்துட்டு இருந்தவங்க அப்படியே டேபிள் மேல சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தின நாள்தான் கடைக்குப் போய்த் தங்க நிறப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் இரண்டே வாரம். இந்த வருடமாவது அவரை ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தேன். சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஒரு ஆள் இப்படிப் போகலாமா என்றுதான் தோன்றியது.

நம் ஆலய மாத இதழுக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆயர் கேட்டார். அன்பே உருவானவர், சாந்தமே வடிவானவர் என்று நான் எழுதினால் உங்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். மீதிப் பேர், "இவனா எழுதினான்?" என்று கேட்பீர்கள். சலோமி என் உயிரை வாங்கியவர். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக, விடாமல், ஒரே ஒரு வார்த்தைக்காக. அதைத்தான் எழுதப் போகிறேன். ஆயர் பிரசுரிக்காவிட்டால் போகட்டும்.

புதிதாகச் சபையில் சேர்ந்த குடும்பங்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். ஆலயத்தின் வடக்குச் சுவரில், மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு கிரானைட் கல் இருக்கிறது. அதில் பெயர் பொறித்திருக்கும் லெப்டினன்ட் ஜெயசீலன் என் அண்ணன். எல்லைச் சண்டையில் இறந்தபோது அவனுக்கு இருபத்துநான்கு வயது. சலோமி அவனுக்கு நிச்சயித்த பெண். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ஓலை வாசிப்பார்கள் அல்லவா. அவர்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறுக்கு முன்பே லீவை ரத்து செய்து தந்தி வந்துவிட்டது. போனவன் பெட்டியில் வந்தான்.

அந்த இரண்டு ஓலைக்கு நடுவில் நான் சலோமியை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டு வம்பிழுத்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்த அன்றே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கண்ணு, இனி அந்தப் புள்ளைய அண்ணின்னு கூப்புடாத. சின்னப் புள்ள. வேற பக்கம் பாப்பாங்க. நம்ம வாயால அதக் கெடுக்கக் கூடாது." சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு அவர் "ஏனுங்க" ஆகிவிட்டார். சலோமி வேறு பக்கம் போகவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவிநாசிபாளையத்தில் ஒரு நல்ல மனிதர், மனைவியை இழந்த பள்ளி ஆசிரியர், அவருக்காக நானே பேசப் போனேன். சலோமி காபி கொடுத்து உட்காரவைத்து முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல மனுசருங்க தம்பி. அவருக்கு நல்ல இடமாப் பாருங்க" என்று என்னையே தரகனாக்கி அனுப்பிவைத்தார்.

கல்லுக்கு வருகிறேன். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டதால் கல்வெட்டு வாசகத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு இருபத்தொரு வயது. "தாய்நாட்டின் அழைப்பை ஏற்று, மகிழ்வுடன் தன் உயிரை ஈந்தார்" என்று எழுதினேன். அந்த "மகிழ்வுடன்" அம்மாவுக்காகப் போட்டது. பெட்டி வந்த நாளிலிருந்து அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கண்ணு சந்தோஷமாத்தான போனான்?" நான், "ஆமாம்மா, நாந்தான ரயிலேத்தி உட்டேன், சந்தோஷமாத்தான் போனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னதைக் கல்லிலும் வெட்டிவிட்டால் அம்மா கேட்பதை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தினார்.

கல் திறப்பு விழா அன்று எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். சலோமி மட்டும் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங், தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் வேலை. அதிலும் கறை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தையல் மெஷின் எண்ணெய்க் கறை, பேனாக் கறை, வெற்றிலைக் கறை எதுவானாலும் ஸ்பிரே கன்னைப் பிடித்து ஒரு பீச்சு, பனியன் துணியால் ஒரு ஒற்று, கறை இருந்த இடமே தெரியாது. பீஸைப் பார்ப்பது போலவே மேலிருந்து கீழாகக் கல்லைப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, அந்த மகிழ்வுடன்கிறத யாரு சொன்னதுங்க?"

"நாந்தானுங்க எழுதுனேன்."

"நீங்க பாத்தீங்களா?"

எனக்குச் சுரீரென்று வந்தது. "ரயிலேத்தி உட்டது நானுங்க. உங்களுக்கென்ன தெரியும்?" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த வார்த்தைய எப்ப எடுக்கறீங்க தம்பி?" என்பார். என் கல்யாணத்தன்று மேடைக்கு வந்து, என் மனைவியின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு, என் பக்கம் திரும்பி அதையே கேட்டார். "என்ன வார்த்தை?" என்று என் மனைவி கேட்க, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து கல்வெட்டு விளக்கம் சொன்ன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். என் மகளின் ஞானஸ்நானத்திலும் கேட்டார். கேட்கும்போது குரலில் கோபம் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. டெலிவரி எப்போது என்று பார்ட்டியிடம் விசாரிப்பது போல இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. வாலிபர் முகாமுக்கு நான் இலவசமாக டி-ஷர்ட் அச்சடித்துக் கொடுத்த கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூட்டையைப் பிரித்ததும் சலோமி ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பிப் பார்த்து, ஊசி ஓட்டை, நூல் விட்டது, மை ஒழுகியது என்று ஒரு குவியலைத் தனியாக ஒதுக்கிவிட்டார், அதுவும் வெளியூரிலிருந்து வந்த சிறப்புப் பேச்சாளரின் கண் முன்னால். "ஏனுங்க, சும்மா கொடுக்கறதுல கூடக் குத்தம் பாக்கோணுமா?" என்று கேட்டேன். "பாஸ்னு போட்டுட்டா நாளைக்குத் திரும்பி வருமுங்க தம்பி. வர்றப்ப எங்க வெப்பீங்க?" என்றார். குவியலைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி அடித்துக் கொண்டுவந்தேன். வேறென்ன செய்வது?

இதற்கிடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும், கம்பெனியில் பாதி நாள் வேலை முடிந்ததும், மூன்று மணிக்குப் பனியன் வேஸ்ட் துணியும் தண்ணீருமாக ஆலயத்துக்கு வந்து அந்தக் கல்லைத் துடைப்பார். வெட்டெழுத்தில் பூசிய தங்கப் பெயிண்ட் ஒரு இடத்தில்கூட உரியாது. அவ்வளவு பதமாகத் துடைப்பார். கல்லுக்குக் கீழே உள்ள பெஞ்சுதான் அம்மாவின் இடம். கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். சலோமி அம்மாவின் விரலைப் பிடித்துக் கல்லில் ஒவ்வொரு எழுத்தாக வைத்து, "இது தாய்நாட்டின்... இது அழைப்பை ஏற்று..." என்று வாசித்துக்கொண்டே போனார். எந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். விரலை அந்த இடத்தில் வைத்து, "இது மகிழ்வுடனுங்க அத்தை" என்றார். அம்மா அந்த வார்த்தையை இரண்டு முறை தடவினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒருவழியாகச் சலோமி ஒப்புக்கொண்டுவிட்டார், இனி நிம்மதி என்று நினைத்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்தார். அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்துக்கு வெள்ளையடித்தபோது பார்த்தேன், கல்லில் எல்லா எழுத்தும் தங்கமாக மின்னுகிறது, "மகிழ்வுடன்" மட்டும் வெறும் வெட்டாக, பெயிண்ட் இல்லாமல் இருக்கிறது. உரிந்துவிட்டது என்று நினைத்து நானே உட்கார்ந்து அடித்தேன். அடுத்த வருடமும் அதே இடம், அதே கதை. ஜன்னல் வெயில் அங்கேதான் விழுகிறதோ என்று பார்த்தேன், விழவில்லை. ஓதமோ என்று சுவரைத் தட்டிப் பார்த்தேன். பெயிண்ட் கம்பெனியை மாற்றினேன். சபையின் மூப்பர் ஒருவர், "என்ன தம்பி, வெளிநாட்டுக்காரன் பனியன்ல எல்லாம் உங்க பிரிண்ட் நிக்குது, நம்ம கோயில் செவுத்துல நிக்க மாட்டீங்குது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐம்பது முறை துவைத்தாலும் போகாத அச்சு என்று சொல்லி ஆர்டர் வாங்குகிறவன் நான். எனக்கு மானம் போயிற்று. இவ்வளவும் நடக்கையில் எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள், நான் எப்பேர்ப்பட்ட மண்டு.

மூன்றாவது வருடம் ஒரு சனிக்கிழமை, பண்டிகைக்குத் தோரணம் கட்ட அளவெடுக்கப் போனேன். உள்ளே சலோமி. ஒரு கையில் பனியன் துணி. மறு கையில் கம்பெனியில் கறை எடுக்கும் திரவம் நிரப்பிய சின்ன ஸ்பிரே பாட்டில். அந்த ஒரு வார்த்தையின் மேல் மட்டும் பீச்சி, பக்கத்து எழுத்தில் ஒரு துளி படாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு, நிதானமாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று கத்தினேன். ஆலயத்துக்குள் நான் கத்தியது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் திரும்பக்கூட இல்லை. "கறை எடுக்கறனுங்க தம்பி. எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதானுங்க."

"எங்கம்மா தடவித் தடவிப் பாத்த எழுத்துங்க அது."

"அத்தை இருக்கற வரைக்கும் நான் தொட்டனுங்களா?" என்றார்.

அவர் துணியை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அண்ணன் கடைசியாகப் பேசியது எங்களிடம் இல்லையாம், சலோமியிடமாம். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கம்பெனி ஆபீஸுக்குக் கூப்பிட்டிருக்கிறான். "பயமா இருக்குது சலோமின்னாருங்க. நாளைக்கு மலை மேல ஏறோணுமாம். கூட இருந்த ரெண்டு பேரு நேத்துப் போயிட்டாங்களாம். எனக்கு ஊட்டுக்கு வரோணும்னு இருக்குதுன்னாருங்க. பக்கத்துல மேனேஜரு நிக்கறாரு, மெர்ச்சண்டைசரு நிக்கறாரு. நான் என்னங்க பேசறது? சரிங்க, சரிங்கன்னேன். மூணு நிமிசமும் சரிங்கதானுங்க சொன்னேன். போன வெச்சுட்டாரு."

அவர் தொடர்ந்தார். "உங்களப் பத்தியும் சொன்னாருங்க. ஸ்டேஷன்ல தம்பிகிட்ட, போகாம இருக்க முடியாதாடான்னு கேட்டேன், சிரிச்சுட்டான்னாரு."

அது உண்மை. திருப்பூர் ஸ்டேஷனில், ரயில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் கேட்டான். "லெப்டினன்ட் பேசற பேச்சாடா இது?" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு ஏறினான். அந்தச் சிரிப்பைத்தான் நான் அம்மாவிடம் சந்தோஷம் என்று சொன்னேன். கல்லிலும் வெட்டினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடமும் சொன்னதில்லை. கல் திறந்த அன்று "உங்களுக்கென்ன தெரியும்?" என்று நான் கேட்டேனே, அப்போதே இந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு வருடம் என்னைக் கேள்வி கேட்டே கொன்றவர், ஒருமுறைகூட இதைச் சொல்லி என் வாயை அடைக்கவில்லை.

"உங்களக் குத்தம் சொல்லலீங்க தம்பி. நீங்களுஞ் சின்னப் பையன். ஆனா பயந்துட்டுத்தானுங்க போனாரு. போயும் மேல ஏறுனாரு. அத யாருமே சொல்ல மாட்டீங்கறீங்க. சிரிச்சுட்டே போனாருன்னா, அது எனக்குத் தெரிஞ்ச ஆளே இல்லீங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் மனம் உருகி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறு வாரமே போய் அந்த வார்த்தைக்கு இரண்டு கோட்டாக அடித்துவிட்டு வந்தேன். அவர் துடைத்தார். நான் அடித்தேன். இப்படியே ஐந்து வருடம். அடிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும், நான் அண்ணனுக்காகவும் அடிக்கவில்லை, அம்மாவுக்காகவும் அடிக்கவில்லை என்று. அந்த வார்த்தை போய்விட்டால் ஸ்டேஷனில் நான் சிரித்தது மட்டும்தான் மிச்சம். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆலய வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும், "நல்லா இருக்கீங்களா?" "இருக்கறனுங்க" என்று மரியாதையாகப் பேசிக்கொள்வோம். கிறிஸ்துமஸ் கேக் நிற்கவில்லை. கேள்வியை மட்டும் நிறுத்திவிட்டார்.

அடக்கத்தன்று பர்வீன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "அக்காவோட பைங்ணா. யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியல. தம்பி தம்பின்னு உங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேசுவாங்க." உள்ளே டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடி, மடித்த பனியன் துணி, அந்த ஸ்பிரே பாட்டில். முக்கால் பாட்டில் திரவம் இருந்தது. பண்டிகைக்கு அவரும் தயாராகத்தான் இருந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, "உங்களுக்கு என்ன உறவு?" என்று ஆயர் கேட்டார். "அண்ணி" என்றேன். அம்மா சொல்லி நிறுத்திய வார்த்தை, இத்தனை வருடம் கழித்துத் தானாக வந்தது. ஆயர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குத் தங்கப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். அண்ணன் பெயர், பதவி, பிறந்த நாள், இறந்த நாள், தாய்நாட்டின் அழைப்பை ஏற்று, எல்லாவற்றையும் புதிதாக அடித்தேன். அந்த வார்த்தை வந்ததும் பிரஷைக் கீழே வைத்தேன். போன வருடம் நான் போட்ட பெயிண்டில் பாதியைத்தான் அவர் எடுத்திருந்தார். மீதி வெட்டுகளின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்த பாட்டிலை எடுத்துப் பீச்சி, அவர் மடித்து வைத்த துணியாலேயே ஒற்றி எடுத்தேன். லேசுப்பட்ட வேலை இல்லை. கை நடுங்கினால் பக்கத்து எழுத்தும் போய்விடும். ஆறு எழுத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதை அவர் எத்தனை முறை செய்தாரோ.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களில் நாலைந்து பேர் என்னிடம் வந்து, "தம்பி, ஒரு வார்த்தைக்குப் பெயிண்ட் விட்டுப்போச்சுங்களே" என்றீர்கள். பிறகு சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன். கல்லில் வெட்டியதை எடுக்க முடியாது, அந்த வெட்டு அப்படியே கிடக்கட்டும், கிட்டே போய்ப் பார்த்தால் நான் எழுதியது தெரியும். என் அண்ணன் ஜெயசீலன் பயந்தான். போகாமல் இருக்க முடியாதா என்று என்னிடம் கேட்டான், வீட்டுக்கு வர வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னான். பிறகு போனான்.

அண்ணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாட்டிலும் சனிக்கிழமை மூன்று மணியும்தான். பண்டிகைக்கு ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது, நல்லெண்ணத்தில் யாரும் அந்த வார்த்தையின் மேல் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அடித்தால் நான் துடைப்பேன்.